மாதா நீலத்தில் ஒரு அம்பாசிடர்

இனிமேல் செத்தாலும் பின்சீட்டில் உட்காருவதில்லை என்று போன ஆடிப்பெருக்கு அன்று நான் சபதம் எடுத்தேன். சபதம் எடுக்கும்போதும் பின்சீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன்.

வண்டி என் மச்சினன் சிவக்குமாருடையது. திருச்செங்கோட்டில் நான்கு ரிக் வண்டி வைத்து ஊர் ஊராக போர் போடுகிறவன். பூமியில் ஆயிரம் அடிக்கு ஓட்டை போடுவது அவன் தொழில். என் மானத்தில் ஓட்டை போடுவது அவன் பொழுதுபோக்கு. கப்பல் மாதிரி ஒரு கார் வைத்திருக்கிறான். எந்த விசேஷம் என்றாலும் எங்களை அதில்தான் ஏற்றிக்கொண்டு போவான். முன்சீட்டில் அவனுக்குப் பக்கத்தில் அவன் அக்கா, அதாவது என் மனைவி சாரதாமணி. நடு சீட்டில் அவன் பெண்டாட்டி, மகள் கனிஷ்கா, மாமியார். கடைசியில், சாமான் வைக்கிற இடத்தில், மடக்கி விரிக்கிற ஒரு பலகை இருக்கும். அது எனக்கு. வலது பக்கம் புளிச்சோற்றுத் தூக்குப்போசி, இடது பக்கம் தேங்காய் மூட்டை.

"மாமா, சௌரியமா இருக்குதுங்களா?" என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்பான்.

"சௌரியமா இருக்குது மாப்ளே," என்பேன், தாடையில் முட்டிக்கொண்டிருக்கும் முழங்காலை நகர்த்திவிட்டு.

நான் லேசுப்பட்ட ஆள் இல்லை. பாலசுந்தரம், எம்.எஸ்ஸி., எம்.எட். ராசிபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் இருபத்தெட்டு வருஷமாக வேதியியல் வாத்தியார். என்னிடம் அடி வாங்கின பையன்கள் எல்லாம் இன்று முன்சீட்டில் போகிறார்கள். நான் தேங்காயோடு போகிறேன்.

தை மாதம் கனிஷ்காவுக்குக் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. திருச்செங்கோட்டில் பெரிய மண்டபம். அந்த மண்டபத்து வாசலில் நான் என் சொந்தக் காரில், ஸ்டீரிங்கைப் பிடித்தபடி வந்து நிற்க வேண்டும். சிவக்குமார் ஓடி வந்து கதவைத் திறக்க வேண்டும். நான் மெதுவாக இறங்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். இதைச் சாரதாமணியிடம் கேட்காமல் செய்ய வேண்டும் என்பது இரண்டாவது சபதம். கேட்டால் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். நான் கடைசியாகச் சொந்தமாக முடிவெடுத்து வாங்கியது வீட்டில் வைத்து மிதிக்கிற சைக்கிள். இப்போது அதில் வடகம் காய்கிறது.

புதுக் கார் என் சம்பளத்துக்கு எட்டாது. வழி சொன்னவன் மார்ட்டின். என்னோடு கல்லூரியில் படித்தவன். சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கிறான். எதைக் கொடுத்தாலும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துத்தான் பார்ப்பான், கல்யாணப் பத்திரிகையைக்கூட.

"பழைய காரை வாங்கிப் புதுசாக்கணும்டா," என்றான். "அதான் இப்ப கௌரவம். புதுக் காரை எவன் வேணா வாங்குவான்." போனில் ஒரு வீடியோ காட்டினான். ஒரு வெள்ளைக்காரன் துருப்பிடித்த தகரக் குவியல் ஒன்றை இருபது நிமிஷத்தில் கல்யாணப் பெண் மாதிரி ஆக்கினான்.

"இருபது நிமிஷத்துலயா?"

"அவன் ஒரே ஆளு. நாம மூணு பேரு."

மூன்றாவது ஆள் மாதையன். வெண்ணந்தூரில் முட்டை மொத்த வியாபாரம். தறியெல்லாம் விற்றுவிட்டதால் அவரிடம் ஒரு தறிக்கொட்டாய் காலியாக இருந்தது. கொட்டாய் அவருடையது என்பதால் அவரைத் தலைவர் ஆக்கினோம். மார்ட்டின் செயலாளர், நான் பொருளாளர். 'கொங்கு பழங்கால வாகனப் புனரமைப்பு மன்றம்' என்று வாட்ஸப்பில் குழு தொடங்கினோம். உறுப்பினர் என்று சொல்ல யாரும் மிஞ்சவில்லை.

கார் கெங்கவல்லியில் கிடைத்தது. எழுபத்தெட்டாம் வருஷத்து அம்பாசிடர். ஒரு தோட்டத்து வேலியோரம் பத்து வருஷமாக நின்றுகொண்டிருந்தது. சும்மா நிற்கவில்லை. உள்ளே கோழிகள் குடியிருந்தன. நாங்கள் விலை பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு கோழி டிரைவர் சீட்டிலிருந்து இறங்கி வந்து எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனது. மாதையன் உள்ளே கையை விட்டு முட்டையை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தார்.

"தெரமான முட்டைங்க. வண்டிய எடுத்துக்கலாம்," என்றார்.

மூன்று பேரும் பங்கு போட்டு எடுத்துக்கொண்டோம். தோட்டக்காரர் பேர் மாற்றுகிற படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். வாங்குகிறவர் பேர் எழுதும் இடம் மட்டும் காலி. எங்கள் பக்கத்தில் பழைய வண்டி இப்படித்தான் கைமாறும். யார் பேரை எழுதுவது என்று மன்றத்தின் முதல் பொதுக்குழு கூடியது. மூன்று தீர்மானங்கள் முன்மொழியப்பட்டன. மூன்றும் தலா ஒரு ஓட்டு வாங்கித் தோற்றன. பிரச்சினை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது.

அந்தப் படிவங்களை எங்கே வைப்பது? என் வீட்டு பீரோவை சாரதாமணி வாரத்துக்கு ஒரு தடவை துழாவுவாள். மார்ட்டின் வீட்டில் அவன் மனைவி டெபோரா, பைபிளுக்குள் வைத்தாலும் கண்டுபிடிப்பாள். கடைசியில் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, காரின் முன்சீட்டிலேயே ரெக்சின் கிழிந்த இடத்தில் உள்ளே சொருகிவிட்டோம். பெண்டாட்டிகள் கண் படாத இடம் உலகத்தில் அது ஒன்றுதான் என்று யோசனை சொன்னவன் நான்.

புனரமைப்பு ஆரம்பமானது. துரு என் இலாகா. துரு என்றால் என்ன என்று இருபத்தெட்டு வருஷமாகக் கரும்பலகையில் எழுதுகிறவன். முதல் ஒரு மணி நேரம் ஆக்ஸிஜனேற்றம் பற்றி விளக்கினேன். பிறகு ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து காரின் தளத்தில் ஊற்றி, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தேன். துரு போயிருந்தது. துருவோடு தகரமும் போயிருந்தது. காருக்குள் குனிந்து பார்த்தால் வெண்ணந்தூர் மண் தெரிந்தது.

"சுத்தமா எடுத்திருக்கடா," என்றான் மார்ட்டின்.

எஞ்சினைப் பிரித்துச் சேர்த்தது அவன். சேர்த்த பிறகு பதினோரு போல்ட்டுகள் மிச்சம் இருந்தன. "பரவால்ல, ஸ்பேர்ல இருக்கட்டும்," என்றான். எஞ்சின் அதை ஏற்கவில்லை. ஒரு மாதம் நாங்கள் மூன்று பேரும் மாறி மாறி சாவி திருகினோம். அது இருமக்கூட இல்லை. கடைசியில் ஒரு லாரி மெக்கானிக் வந்து, எங்களை வெளியே போய் நிற்கச் சொல்லிவிட்டு, அரை நாளில் ஓட வைத்தார். தளத்துக்குப் புதுத் தகரமும் அவரே அடித்துக் கொடுத்தார். முதல் தடவை அந்த எஞ்சின் உறுமியபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, உண்மையாகவே. "மன்றத்தின் மாபெரும் சாதனை" என்று குழுவில் பதிவு போட்டேன். மீதி இரண்டு பேரும் கைதட்டினார்கள்.

பாக்கி பெயிண்டும் சீட்டும். இதை மட்டும் கடையில் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தோம். கதவுகள், பானெட், டிக்கி மூடி எல்லாவற்றையும் கழற்றி, கறுப்பு பெயிண்ட் அடிக்கச் சொல்லி சேலத்தில் ஒரு கடையில் மார்ட்டின் கொடுத்தான். சீட்டுகளை ஒரு பழைய பெட்ஷீட்டில் மூட்டை கட்டி, நாமக்கல் ரோட்டில் ஒரு குஷன் கடையில் நான் கொடுத்தேன்.

இங்கே ஒரு விஷயத்தை நான் யோசித்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் எந்த வேலையும் கொடுத்த இடத்தில் நடப்பதில்லை. ஒரு சேலைக்கு ஒரு ஊரில் சாயம் ஏறும், இன்னொரு ஊரில் தறி ஏறும், வேறொரு ஊரில் யாரோ ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் முந்தானைக்கு முடிச்சுப் போடுவார்கள். எல்லாம் கூலிக்குக் கைமாறிக் கைமாறிப் போகும். இது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

மூன்றாம் நாள் சாயங்காலம் பள்ளியிலிருந்து வீட்டுக்கு வந்தேன். என் காரின் முன்சீட்டு டி.வி.க்கு எதிரே உட்கார்ந்திருந்தது.

செருப்பைக் கழற்றக்கூடத் தோன்றாமல் நின்றுவிட்டேன். சாரதாமணி பெரிய கத்தரிக்கோலோடு பின்னறையிலிருந்து வந்தாள்.

"ஏனுங்க, அப்படியே நின்னுட்டீங்க? சித்தெ அக்கட்ட தள்ளி வாங்க. சீட்டை மிதிச்சுப்போடாதீங்க."

"இது... இது என்ன சாரதா?"

"பாத்தாத் தெரியலீங்களா? காரு சீட்டு."

"காரு சீட்டுக்கு நம்ம ஊட்டுல என்ன வேலை?"

"தெக்கறதுக்கு வந்துருக்குது. குஷன் கடைக்காரரு குடுத்தனுப்பிச்சாரு. அவரு கடை லாரி சீட்டெல்லாம் ரண்டு வருசமா நாந்தான தெக்கறேன்."

"நீ ஜாக்கெட்டல்ல தெச்சுட்டிருந்த?"

"அதை உட்டு ரண்டு வருசமாச்சு. பெரிய மிசினு எடுக்கறேன்னு சொன்னனே. நீங்ககூடப் பேப்பர் படிச்சுக்கிட்டே 'ம்'னீங்களே."

சொல்லியிருப்பாள். நானும் 'ம்' என்றிருப்பேன். கல்யாணமான நாளிலிருந்து எத்தனை 'ம்' போட்டிருக்கிறேனோ, எதெதற்குப் போட்டிருக்கிறேனோ!

"யாரு வண்டியாம்?" என்றேன், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"அதை ஏனுங்க கேக்கறீங்க! ஒரு லாரி மெக்கானிக் குஷன் கடையில சொல்லிச் சிரிச்சாராம். மூணு கிறுக்கனுங்களாம். வெண்ணந்தூர்ல ஒரு தறிக்கொட்டாயில ஒளிச்சு வெச்சுருக்கறாங்களாம். பொண்டாட்டிகளுக்குத் தெரியாமயாம்."

"கிறுக்கனுங்கன்னு சொல்லக்கூடாது சாரதா. அது ஒரு ஆர்வம்."

"ஆர்வமுங்களா? ஒருத்தன் ஆசிட்டை ஊத்தித் தளத்தையே கரைச்சுப்போட்டானாம். அவனொரு வாத்தியாராம்."

"வாத்தியாருல எத்தனையோ வாத்தியார். தமிழ் வாத்தியாரா இருக்கும்."

"இருக்குமுங்க," என்றாள். சீட்டின் மேல் கிடந்த பெட்ஷீட்டை எடுத்து உதறினாள். மயில் படம் போட்ட பெட்ஷீட். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீட்டுப் பெட்ஷீட்.

"துணி நல்லாத்தான் இருக்குது. நம்ம ஊட்டுலயும் இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சல்லங்க?"

"ஒரே கம்பெனிக்காரன் லட்சக்கணக்குல அடிச்சுத் தள்ளியிருப்பான்."

"ஆமாங்க. மூலையில சாம்பார்க் கறைகூட அதே எடத்துல அடிச்சுருக்கறான்."

நல்லவேளை, அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. பெட்ஷீட்டை மடித்துக் கையோடு உள்ளே எடுத்துப் போய்விட்டாள். அந்த இடைவெளியில் நான் குனிந்து சீட்டின் கிழிசலுக்குள் கையை விட்டேன். கவர் இருந்தது. தடிமனாக, பத்திரமாக இருந்தது. போன உயிர் திரும்பி வந்தது. அதை வெளியே இழுப்பதற்குள் அவள் அளவு நாடாவோடு வந்துவிட்டாள்.

"முன்சீட்டுதானுங்க ரோசனையா இருக்குது. ஓட்டறவன் ஒசரம் தெரியல. சும்மா தெச்சுட்டா இடுப்பு வலிக்கும்."

இந்த இடத்தில் என் மூளை வேலை செய்த வேகத்தை நினைத்தால் எனக்கே பெருமையாக இருக்கிறது. "ஒரு உத்தேசத்துக்கு என்னை உட்கார வெச்சு அளவெடுத்துக்கயேன்," என்றேன்.

"அதுவும் சரிதானுங்க."

உட்கார்ந்தேன். முதுகு, இடுப்பு, தொடை, முழங்கால் எல்லாம் அளந்து எழுதிக்கொண்டாள். என் பணத்தில், என் அளவில், என் பெண்டாட்டியே எனக்குச் சீட்டு தைக்கிறாள். அது அவளுக்கே தெரியாது! சிரிப்பை அடக்க இரண்டு தடவை இருமினேன்.

"தண்ணி குடியுங்க," என்றாள். "பின்சீட்டுக்கு?"

"பின்சீட்டுக்கு எதுக்கு அளவு? எதையாவது வெச்சுத் தெச்சு உடு. அங்க எவன் உட்காரப் போறான்?"

"பின்சீட்டுக்கு நானே ஒக்காந்து அளவெடுத்துக்கறேன்," என்றாள் சாரதாமணி.

அடுத்த வாரம் கொட்டாய்க்கு மார்ட்டின் கதவுகளைக் கொண்டுவந்து இறக்கினான். கறுப்பு சொல்லியிருந்தோம். வந்தது நீலம். சாதாரண நீலம் இல்லை. பளபளவென்று, ஓரத்தில் ஒரு தங்கக் கோடு ஓட, பார்த்தால் தலையில் முக்காடு போட்டுக்கொள்ளத் தோன்றுகிற நீலம். மார்ட்டின் அதைப் பார்த்து நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான்.

"என்னடா இது?"

"மாதா நீலம்," என்றான் ஈனக்குரலில்.

அவன் கதையும் என் கதைதான். டெபோரா பங்குக் கோயில் சிலைகளுக்கெல்லாம், அவர்கள் பாஷையில் சுரூபங்களுக்கெல்லாம், வர்ணம் அடிக்கிறவள். வீட்டு மொட்டை மாடியில் கம்ப்ரசர் வைத்து, திருவிழாவுக்குத் திருவிழா மாதாவுக்கும் அந்தோணியாருக்கும் புது வர்ணம் ஏற்றுவாள். பெயிண்ட் கடைக்காரர் நுணுக்கமான வேலைகளை அவளிடம் தள்ளிவிடுகிறவர். இது மார்ட்டினுக்கு இத்தனை நாள் தெரியாது.

"மாடிக்குப் போனா நாலு கதவும் மாதா சுரூபத்துக்குப் பக்கத்துல காயுது. என்ன கதவு இதுன்னு கேட்டேன். யாரோ மூணு பைத்தியக்காரங்களோடதுன்னா."

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னேன்."

"கறுப்புதான சொன்னோம்?"

"அதையும் கேட்டேன். மாதா மேலாடைக்குக் கலக்கினது மிச்சம் இருந்துச்சு, வீணாக்குவானேன்னு அடிச்சாளாம். பைத்தியக்காரங்களுக்கு எந்தக் கலரா இருந்தா என்னன்னு சொல்றா."

மாதையன் கதவைத் தடவிப் பார்த்தார். "கதவொரு கலரு, ஒடம்பொரு கலருன்னா கூத்துக்காரன் வேசமாட்டம் இருக்குமுங்க. மொத்தமா இதையே அடிச்சுருவோம்," என்றார். தலைவர் சொல்லைத் தட்ட முடியவில்லை. மிச்சமிருந்த உடம்புக்கும் அதே நீலம் வாங்கி அடித்தோம்.

அவசரப் பொதுக்குழு கூட்டினேன். "பயப்பட ஒண்ணுமில்லை," என்று விளக்கினேன். "என் மனைவிக்குச் சீட்டு மட்டும்தான் தெரியும். உன் மனைவிக்குக் கதவு மட்டும்தான் தெரியும். சீட்டையும் கதவையும் சேர்த்தால்தான் கார். அவர்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொள்வது கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும்தான். போனில் பேசிக்கொள்ள அவர்களுக்குள் என்ன இருக்கிறது?"

மன்றம் இதை ஒருமனதாக ஏற்றது. மன்றத்தின் வரலாற்றில் ஒருமனதாக நிறைவேறிய ஒரே தீர்மானம் அதுதான்.

சீட்டும் வந்து சேர்ந்தது. கிழிசல் இருந்த இடமே தெரியவில்லை. அழுத்திப் பார்த்தேன்; கவர் உள்ளே சலசலத்தது. என் சீட்டு அச்சு அசலாக என் முதுகு. உட்கார்ந்தால் எழ மனம் வராது. பின்சீட்டைப் பார்த்ததும்தான் கொஞ்சம் திக்கென்றது. அது சீட்டே இல்லை, சிம்மாசனம். மெத்து மெத்தென்று, கை வைக்க இரண்டு பக்கமும் திண்டு, முந்தானை சிக்காமல் இருக்க ஓரத்தில் பட்டுக் கரை. தொழில் சுத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாண நாள் வந்தது. முதல் நாளே சாரதாமணியிடம் சொல்லிவிட்டேன். "நாளைக்குக் காலையில பசங்களுக்கு ஸ்பெஷல் கிளாஸ். நீ உன் தம்பி வண்டியில முன்னால போ. நான் பஸ்ஸைப் புடிச்சு வந்தர்றேன்."

"சரிங்க," என்றாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. அவள் பாவம் என்றுகூட எனக்குத் தோன்றியது.

திட்டம் இதுதான். சிவக்குமார் வண்டி அனுப்புவதற்கு முன்பே, காலையில் என் வீட்டு வாசலில் என் காரைக் கொண்டுவந்து நிறுத்துவேன். ஹாரன் அடிப்பேன். அவள் வெளியே வந்து பார்ப்பாள். மயங்கி விழுந்தால் பிடித்துக்கொள்ள மார்ட்டின் தயாராக இருப்பான்.

விடிந்ததும் கொட்டாயில் நானும் மார்ட்டினும் முன்சீட்டில் ஏறிக்கொண்டோம். மாதையன் பின்னால் நின்று தள்ளினார். வண்டி கிளம்பியது. அவரால் ஓடி வந்து ஏற முடியவில்லை, எனக்கும் நிறுத்தத் தைரியம் வரவில்லை. மன்றத் தலைவர் கண்ணாடியில் சிறிதாகிக்கொண்டே போனார்.

ராசிபுரத்தில் என் தெருவுக்குள் திரும்பினேன். வாசலில் சாரதாமணி பட்டுப் புடவையில் நின்றிருந்தாள். கையில் சீர்த்தட்டு. பக்கத்தில் இன்னொரு பட்டுப் புடவை. டெபோரா. இரண்டு பேர் தலையிலும் மல்லிகைப் பூ. வாசற்படியில் நாலு எலுமிச்சம்பழம், ஒரு தேங்காய், கற்பூரம்.

ஹாரன் அடிக்கக் கை வரவில்லை.

"ஏழரைக்கு வரோணும்னு வெச்சுருந்தம். ஏழே முக்கால் ஆச்சுங்க," என்றாள் சாரதாமணி.

"யாரு... யாரு வெச்சது?"

"நாங்க ரண்டு பேருந்தான். ஸ்பெஷல் கிளாஸ்னு சொன்னீங்களே, அப்பவே போன்ல பேசி நேரம் வெச்சுட்டம். தம்பி வண்டி வேண்டாமுன்னும் சொல்லிட்டன்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"சாம்பார்க் கறையப் பாத்தப்பவேங்க. உங்க தட்டுல இருந்து கொட்டுனதுதான அது."

மார்ட்டின் பக்கத்துக் கதவைத் திறந்து ஓடப் பார்த்தான். டெபோரா தேங்காயை அவன் கையில் வைத்தாள். "எங்க போறீங்க? சுத்திப் போடுங்க முதல்ல. பைத்தியக்காரங்க வண்டின்னாலும் கண்ணு படும்."

எனக்கு ரோஷம் வந்தது. ஆறு மாதம் மண்ணில் புரண்டவன் நான். "தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும் சாரதா. ஆனா இது என்ற காரு. யாரைக் கேட்டும் நான் வாங்கல."

"உங்க காருங்களா?"

கைப்பையைத் திறந்தாள். ஒரு அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினாள். ஆர்.சி. கார்டு. உரிமையாளர்: சாரதாமணி. கணவர் பேர் என்ற இடத்தில் நான் இருந்தேன்.

"சீட்டுக்குள்ள ஒரு கவர் இருந்துச்சுங்க. பேரு எழுதற எடம் காலியாக் கெடந்துச்சு. காலியா உட்டா வேற யாராச்சும் எழுதிப்போடுவாங்களேன்னு தெரிஞ்ச புரோக்கர்கிட்டக் குடுத்து மாத்திட்டன். டெபோராவுக்கு ஊட்டு வாசல்ல நிறுத்த எடமில்லியாம். அதனால எம்பேருலயே இருக்கட்டும்னுது."

"அப்ப கவருக்குள்ள இப்ப இருக்கறது?"

"பழைய ஜாக்கெட்டுப் பேட்டர்னுங்க. நீங்க அடிக்கடி அழுத்திப் பாப்பீங்களேன்னு வெச்சுத் தெச்சன்."

மூன்று ஆம்பிளைகள் மாதக்கணக்கில் பேசித் தீராத தீர்மானம், இரண்டு பெண்களுக்கு ஒரு போனில் முடிந்திருந்தது. டெபோரா சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழத்தின் மேல் நான் வண்டியை ஏற்றினேன். வேறு என்ன செய்ய?

ஆனாலும் ஒன்று சொல்வேன். திருச்செங்கோடு போகிற வழியெல்லாம் எனக்கு மனம் லேசாகிக்கொண்டே வந்தது. காகிதத்தில் யார் பேர் இருந்தால் என்ன? ஸ்டீரிங் என் கையில். உட்கார்ந்திருப்பது முன்சீட்டு. மார்ட்டின் என் பக்கத்தில். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு டீக்கடையில் நாலு பேர் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். ஒரு லாரிக்காரர் வழிவிட்டு, கையைத் தூக்கிக் கும்பிட்டார். என்னைத்தான் கும்பிட்டார் என்று நினைத்தேன். நிறத்தைப் பார்த்து மாதாவைக் கும்பிட்டார் என்று மார்ட்டின் பிற்பாடு சொன்னான். பின்சீட்டில் இரண்டு பேரும் திண்டில் கை வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு யார் யார் வருவார்கள் என்று பேசிக்கொண்டு வந்தார்கள்.

மண்டபம் வந்தது. மேளம் கேட்டது. வாசலில் ஒறம்பரை, சொந்தபந்தம் என்று நூறு பேர். நடுவில் பட்டு வேட்டியில் சிவக்குமார். கார் நுழைந்ததும் அவன் வாயைப் பிளந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானே ஆறு மாதம்! சட்டைக் காலரைச் சரிசெய்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டு, கதவு திறக்கப்படுவதற்காக நிமிர்ந்து உட்கார்ந்தேன். சிவக்குமார் ஓடி வந்தான்.

பின்கதவைத் திறந்தான்.

"அக்கா! உங்க காருங்களாக்கா? நீங்களே செஞ்சதுங்களா?"

"நானும் டெபோராவும் சேந்து செஞ்சது சாமி," என்றபடி இறங்கினாள் சாரதாமணி. "சீட்டு என்ற வேலை, பெயிண்டு இவிய வேலை."

கூட்டம் மொய்த்தது. பெண்கள் பட்டுக் கரையைத் தடவிப் பார்த்தார்கள். சிவக்குமார் தன் ரிக் வண்டிகள் நாலுக்கும் சீட்டும் பெயிண்டும் அக்காவும் டெபோராவும்தான் போட வேண்டும் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டான். மேளத்தோடு இரண்டு பேரையும் உள்ளே அழைத்துப் போனார்கள். என் கதவை யாரும் திறக்கவில்லை. வாத்தியார் அழக்கூடாது என்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

நெஞ்சில் ரோஜாப் பூ குத்திய ஒரு வாலிபர் வந்து ஜன்னலில் தட்டினார். மாப்பிள்ளை வீட்டுக்காரர்; என்னை அவருக்குத் தெரியாது.

"டிரைவரண்ணா, வண்டிய அந்த வேப்பமரத்துக்கிட்டப் போட்டுருங்க. டிரைவருங்களுக்கெல்லாம் பொறவால பந்தி போட்டிருக்குதுங்க."

"சாரதா!" என்று கத்தினேன்.

படியேறிக்கொண்டிருந்தவள் நின்று திரும்பினாள். என்னைப் பார்த்தாள், அந்த வாலிபரைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"போயி நல்லாச் சாப்புடுங்க," என்றாள். "வெறும் வயித்துல வண்டி ஓட்டக்கூடாது. நாலு மணிக்குப் பொண்ணு மாப்பிள்ளையக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறது நம்ம வண்டிலதான்."

வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுப் பின்னால் போனேன். மார்ட்டின் எனக்கு முன்பே இலை போட்டு உட்கார்ந்து, ஒரு லட்டுவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய், உனக்கு ரெண்டு லட்டு உண்டாம்டா," என்றான். "கிளீனருக்கு ஒண்ணுதானாம்."